மலைப் பாதைக்குத் தடித்த டயர் மட்டும் போதுமா?



எமது ஊர் உறவுகளே, பெற்றோர்களே, இது கொஞ்சம் நீளமான பதிவு. சைக்கிள் டயரைப் பற்றியது. "பரீட்சை நெருங்குது, சேருக்கு எழுத வேற விஷயம் கிடைக்கல்லையா" என்று சிரிப்பவர்கள் தாராளமாகச் சிரியுங்கள். ஆனால் வீட்டில் பிள்ளைக்கு ஒரு மவுண்டன் சைக்கிள் இருந்தால் கடைசி வரை வாசித்துவிடுங்கள்.

சென்ற மாதம் எமது பாடசாலையில் தரம் 10 இல் படிக்கும் பிள்ளை ஒருவர் ஹந்தானைப் பக்கமிருந்து டவுனுக்கு இறங்கும்போது ஒரு வளைவில் விழுந்துவிட்டார். பின்னேர மழை விட்டு அரை மணித்தியாலம் கூட இருக்காது. அல்ஹம்துலில்லாஹ், தலையில் ஹெல்மட் இருந்தது. வலது மணிக்கட்டில் மட்டும் முறிவு. ஆறு கிழமை பிளாஸ்டர், எழுதும் கை. எல்லோரும் சொன்னது ஒன்றுதான்: "மழை, வேகம், வயசு." நாங்களும் அப்படித்தான் நினைத்தோம்.

ஆனால் அந்தப் பிள்ளை சொன்ன ஒரு வசனம் எங்களைச் சும்மா இருக்கவிடவில்லை. "சேர், நான் ஹேண்டிலத் திருப்பினேன். சைக்கிள் கொஞ்சம் பொறுத்துத்தான் திரும்பிச்சு."

அடுத்த நாள் வாப்பா அந்த சைக்கிளைப் பாடசாலைக்கே கொண்டு வந்து தந்தார். நாங்கள் இரண்டு ஆசிரியர்கள், விஞ்ஞான கூடத்திலிருந்த வேணியர் இடுக்கியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தோம். முன் சில்லில் புத்தம் புதிய டயர். பக்கத்தில் 60-559 என்று போட்டிருந்தது. அதாவது 26 அங்குலச் சில்லுக்கு 2.35 அங்குல அகல டயர். ரிம்மின் உள் அகலத்தை அளந்தால் 17 மில்லிமீற்றர். டயரின் இரு பக்கச் சுவரிலும் பிரேக் கட்டை உரசிய பளபளப்பான கோடு. காற்று, விரலால் அமுக்கினால் உள்ளே போகிற அளவு. "சொகுசா இருக்கும்" என்று கடையில் சொல்லிக் காற்றைக் குறைத்துக் கொடுத்தார்களாம்.

நாம் அந்த டயர் ஒன்றையே குற்றவாளி ஆக்கவில்லை. மழையும் இருந்தது, வேகமும் இருந்தது. ஆனால் அந்த ரிம்மில் அந்த டயர் ஏறியிருக்கவே கூடாது. இதைத்தான் இந்தப் பதிவில் சொல்ல வருகிறோம். டயரின் அகலத்தை மட்டும் பார்த்துப் பணம் கொடுக்காதீர்கள். அது உட்காரப் போகும் ரிம்மின் உள் அகலத்தைப் பார்த்துவிட்டு வாங்குங்கள். சொகுசும் பாதுகாப்பும் அந்த இரண்டும் பொருந்துவதில்தான் இருக்கின்றன.

2022 ஐ யாரும் மறந்திருக்க மாட்டோம். பெற்றோல் செட்டில் நாள் கணக்காக வரிசை, பிறகு கியூஆர் கோட். அந்த வருடம்தான் நமது பகுதியில் சைக்கிள் திரும்பவும் வந்தது. கட்டுகஸ்தோட்டையிலிருந்தும் மடவளையிலிருந்தும் அக்குறணையிலிருந்தும் ஆசிரியர்கள் கூட சைக்கிளில் வந்தார்கள். புதிய சைக்கிள் விலை தாறுமாறாக ஏறியதால், ஜப்பானிலிருந்து வந்த பாவித்த சைக்கிள்களையும், வீட்டு மூலையில் துருப்பிடித்துக் கிடந்த பழைய மவுண்டன் சைக்கிள்களையும் எடுத்துத் துடைத்து ஓடினோம். வரிசை முடிந்த பிறகு பெரியவர்கள் மோட்டார் சைக்கிளுக்குத் திரும்பிவிட்டோம். பிள்ளைகள் சைக்கிளை விடவில்லை. மாஷா அல்லாஹ், நல்ல விஷயம். போனை வைத்துவிட்டு வெளியே போகிறார்களே என்று சந்தோஷப்பட்டவர்களில் நாமும் சேர்த்தி.

அந்தப் பழைய சைக்கிள்களில்தான் பிரச்சினை ஒளிந்திருக்கிறது. மவுண்டன் சைக்கிள் என்பது 1970 களில் அமெரிக்காவில், கலிபோர்னியாவின் மரின் பகுதி மலைகளில் சில இளைஞர்கள் பழைய தடித்த டயர் சைக்கிள்களை எடுத்து மண் பாதையில் இறக்கியதிலிருந்து பிறந்தது. அந்தப் பழைய சைக்கிள்களின் டயர் 26 அங்குலம், 2.125 அகலம். நம் கையிலிருக்கும் 26 அங்குல அளவு அங்கேயிருந்து வந்த சொத்து. பிறகு போட்டிகள் பெருகின. பாரத்தைக் குறைக்க வேண்டும் என்று 1990 களில் ரிம்மை ஒடுக்கினார்கள், 17, 19 மில்லிமீற்றர் வரை. இப்போது கடந்த பத்துப் பதினைந்து வருடங்களாகத் திரும்பவும் அகலமாக்கி வருகிறார்கள். இன்று வரும் நல்ல மவுண்டன் சைக்கிள்களில் உள் அகலம் 25, 30 மில்லிமீற்றர் சாதாரணம்.

ஆக, இணையத்தில் பிள்ளை பார்க்கும் படத்தில் தடித்த டயர் 30 மில்லிமீற்றர் ரிம்மில் உட்கார்ந்திருக்கிறது. அவர் வீட்டில் இருப்பதோ 17 மில்லிமீற்றர் ரிம். டயர் மட்டும் படத்தில் உள்ளது மாதிரி வேண்டும் என்கிறார். பெருநாளைக்குக் கிடைத்த காசெல்லாம் அதற்குப் போகிறது.

ஒடுங்கிய ரிம்மில் தடித்த டயர் ஏறினால் என்ன நடக்கிறது? சில்லைக் குறுக்கே வெட்டிப் பார்ப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். டயரின் இரண்டு ஓரங்களும் ரிம்முக்குள் நெருக்கமாகப் பிடிபட்டிருக்கும், மேலே டயர் உருண்டு வெளியே தள்ளியிருக்கும். பழைய மின்குமிழைத் தலைகீழாகப் பிடித்த மாதிரி: கழுத்து ஒடுக்கம், வயிறு பெருப்பம். நேராக ஓடும்போது ஒன்றும் தெரியாது. வளைவில் சைக்கிளைச் சாய்த்தவுடன் அந்த வயிறு கழுத்தின் மேல் பக்கவாட்டில் சாயும். காற்றுக் குறைவாக இருந்தால் இன்னும் சாயும். ஹேண்டிலைத் திருப்புகிறோம், ரிம் திரும்புகிறது, டயர் ஒரு கணம் பிந்தித் திரும்புகிறது. அந்தப் பிள்ளை சொன்ன "கொஞ்சம் பொறுத்து" என்பது அந்த ஒரு கணம்தான். சமதரையில் அது தள்ளாட்டம். ஹந்தானை இறக்கத்தில் ஈர வளைவில் அது பிளாஸ்டர்.

ரிம் அகலமானால் கழுத்து விரிகிறது. டயரின் சுவர்கள் நிமிர்ந்து நிற்கின்றன, வடிவம் லாடம் மாதிரி ஆகிறது. அதே டயர், அதே காற்று, ஆனால் பக்கவாட்டில் சாயாது. டயரும் கொஞ்சம் அகலமாகும்: ரிம் 5 மில்லிமீற்றர் விரிந்தால் டயர் ஏறக்குறைய 2 மில்லிமீற்றர் விரியும். பெரிய வித்தியாசம் அகலத்தில் இல்லை, நிலையில் இருக்கிறது. டயர் சாயாமல் நிற்பதால் காற்றைத் தைரியமாகக் கொஞ்சம் குறைக்கலாம். சொகுசு அங்கேதான் வருகிறது.

சொகுசு பற்றி நம்மிடம் ஒரு தப்பான எண்ணம் ஊறிப்போயிருக்கிறது. தடித்த டயர் என்றால் தானாகவே மெத்தை என்று. அப்படி இல்லை. தரம் 10, 11 பிள்ளைகளுக்கு அமுக்கம் படிப்பிக்கும்போது இதையே உதாரணமாக எடுக்கலாம். சைக்கிளின் பின் சில்லில் 45 கிலோ பாரம் விழுகிறது என்று வையுங்கள். அது ஏறக்குறைய 100 இறாத்தல். டயருக்குள் 50 பீஎஸ்ஐ காற்று இருந்தால், அந்தப் பாரத்தைத் தாங்க டயர் ஏறக்குறைய 2 சதுர அங்குலம் தரையில் பதிய வேண்டும். 25 பீஎஸ்ஐ என்றால் 4 சதுர அங்குலம். டயர் அகலமானதா ஒடுங்கியதா என்பது இந்தக் கணக்கில் வரவே இல்லை. பரப்பைத் தீர்மானிப்பது காற்றின் அமுக்கம். அகலம் தீர்மானிப்பது அந்தப் பதிவின் வடிவத்தையும், ரிம் கல்லில் இடிபடும் முன்னர் டயர் எவ்வளவு தூரம் அமிழலாம் என்பதையும்.

இன்னொன்று பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். ஒரே அமுக்கத்தில் தடித்த டயர்தான் அதிகம் விறைக்கும். டயரின் துணியில் ஏறும் இழுவை அமுக்கத்தையும் ஆரையையும் பெருக்கி வருவது. 1.5 அங்குல டயரிலும் 2.25 அங்குல டயரிலும் ஒரே 40 பீஎஸ்ஐ அடித்தால், பெரிய டயரின் துணியில் ஒன்றரை மடங்கு இழுவை. ஆகவே தடித்த டயரைப் போட்டுவிட்டு, பழைய பழக்கத்தில் கல்லு மாதிரிக் காற்றடித்தால் சொகுசு கூடாது, குறையும். தடித்த டயருக்குக் குறைந்த காற்று வேண்டும். குறைந்த காற்றுக்கு அகலமான ரிம் வேண்டும். ஒன்றை விட்டு மற்றதை வாங்கினால் பாதிக் காசு வீண்.

இந்த இடத்தில் ஒரு சின்ன விஷயம். சைக்கிளுக்குக் காற்று டயர் வந்ததே ஒரு பிள்ளையின் சொகுசுக்காகத்தான். 1888 இல் பெல்பாஸ்டில் ஜோன் பொய்ட் டன்லப் என்ற மிருக வைத்தியர், தன் மகன் ஓட்டிய மூன்று சில்லு சைக்கிள் குலுங்குவதைப் பார்த்துத்தான் ரப்பர்க் குழாயில் காற்றடைத்துச் சில்லில் சுற்றினார். ஒரு வாப்பா செய்த வேலை. அதற்குப் பன்னிரண்டு வருடங்களுக்கு முன்னர், 1876 இல், ரப்பர்க் கன்றுகள் நம் நாட்டுக்கு வந்து கம்பஹா ஹெனரத்கொடைத் தோட்டத்தில் நடப்பட்டன. டயரும் நமக்குப் புதிதில்லை, ரப்பரும் நமக்குப் புதிதில்லை. டயரின் பக்கத்தில் அச்சடித்திருக்கும் இலக்கத்தை வாசிப்பதுதான் இன்னும் பழகவில்லை.

அந்த இலக்கத்துக்கு வருவோம். 54-559 என்று இருந்தால், 54 டயரின் அகலம், 559 டயர் ரிம்மில் உட்காரும் இடத்தின் விட்டம். இரண்டும் மில்லிமீற்றரில். இந்த இரண்டாவது இலக்கம்தான் உண்மையான அளவு. "26 அங்குலம்" என்பது பேச்சுக்குச் சொல்வது. மவுண்டன் சைக்கிளின் 26 என்பது 559. ஜப்பானிலிருந்து வரும் கூடை வைத்த சைக்கிள்களில் 26 × 1 3/8 என்று இருக்கும், அது 590. இரண்டுக்கும் 31 மில்லிமீற்றர் வித்தியாசம், ஒன்றில் மற்றது ஒருநாளும் ஏறாது. 26 × 1.75 வேறு, 26 × 1 3/4 வேறு. கணக்கு வாத்தியாரிடம் கேட்டால் 1.75 உம் 1 3/4 உம் ஒன்றுதான் என்பார். சைக்கிள் கடையில் அவை ஒன்றில்லை. தசமத்தில் எழுதியது 559, பின்னத்தில் எழுதியது 571. (எங்கள் கணித ஆசிரியர் இதைக் கேட்டுவிட்டு ஒரு நாள் முழுக்க மனம் நொந்திருந்தார்.)

புதிய 27.5 அங்குலச் சைக்கிளுக்கு 584, 29 அங்குலச் சைக்கிளுக்கு 622. இந்த 622 இல் ஒரு பொறி இருக்கிறது. ரோட்டில் ஓடும் ரேசிங் சைக்கிளின் 700சீ டயரும் 622 தான். விட்டம் ஒன்று என்பதால் 29 ரிம்மில் ஒடுங்கிய ரேசிங் டயர் ஏறிவிடும். ஒரு பழைய மாணவர் அப்படிச் செய்துகொண்டு வந்தார், ரோட்டில் வேகமாகப் போகலாம் என்று. டயர் 25 மில்லிமீற்றர், ரிம்மின் உள் அகலம் 30 மில்லிமீற்றர். ரிம் டயரை விட அகலம்! சுவர்கள் வெளியே இழுபட்டு, டயர் தட்டையாகி, ரிம்மின் விளிம்பு கல்லுக்கு நேராக நின்றது. ஒரு பள்ளத்தில் விழுந்தால் ரிம் நெளியும், டயர் கழன்று வந்தாலும் ஆச்சரியமில்லை. தடித்த டயரை ஒடுங்கிய ரிம்மில் போடுவது ஒரு பிழை என்றால் இது அதன் மறுபக்கம்.

அப்படியானால் எது எதற்குப் பொருந்தும்? ஐரோப்பிய டயர், ரிம் தரநிலையைப் பின்பற்றும் உற்பத்தியாளர்களின் அட்டவணைகளில் 17 மில்லிமீற்றர் ரிம்முக்கு ஏறக்குறைய 50 வரையும், 19 மில்லிமீற்றர் ரிம்முக்கு ஏறக்குறைய 60 வரையும் அனுமதி இருக்கிறது. அனுமதி என்பது கடைசி எல்லை. பரீட்சையில் 35 எடுத்தாலும் சித்திதான், அதற்காக 35 போதும் என்று நாம் பிள்ளைக்குச் சொல்வதில்லையே. எமது அபிப்பிராயத்தில், பழைய 17, 19 ரிம் உள்ள சைக்கிளுக்கு 1.75 அல்லது 1.95 டயர், அதிகம் போனால் 19 இல் 2.1. ரிம் 25 என்றால் 2.1 முதல் 2.4 வரை அழகாக உட்காரும். 30 என்றால் 2.35 இலிருந்து 2.6. அதற்கு மேல் போகிறவர்கள் இந்தப் பதிவை வாசிக்கத் தேவையில்லாத அளவுக்கு ஏற்கனவே தெரிந்தவர்கள்.

ரிம்மை அளப்பது கடினமில்லை. டயரைக் கழற்றி, ரிம்மின் இரண்டு சுவர்களுக்கும் நடுவே, மேல் விளிம்பில் உள்ளுக்கு உள் அளக்க வேண்டும். வெளியே அளந்தால் 5 மில்லிமீற்றர் வரை கூடுதலாகக் காட்டும், அதை நம்பி ஏமாறாதீர்கள். சில அலுமினிய ரிம்களில் 559 × 19 என்று ஒட்டியோ பொறித்தோ இருக்கும். அப்போது அளக்கவே தேவையில்லை. அளக்கும்போதே பிரேக் கட்டை படும் சுவரையும் விரலால் தடவிப் பாருங்கள். நமது மழையிலும் மண்ணிலும் அது தேய்ந்து குழி விழுந்திருந்தால், டயரை விட்டுவிட்டு முதலில் ரிம்மை மாற்றுங்கள்.

டயர் ரிம்முக்குப் பொருந்தினாலும் சைக்கிளுக்குப் பொருந்த வேண்டும். முன் ஃபோர்க்கின் இரு கால்களுக்கு நடுவிலும், பின்னால் செயின் ஓடும் பக்கச் சட்டங்களுக்கு நடுவிலும் டயர் சுற்றும்போது ஒவ்வொரு பக்கமும் ஒரு பென்சில் நுழையும் அளவு இடைவெளி வேண்டும். நமது தோட்டப் பாதைகளின் செம்மண் மழையில் டயரோடு ஒட்டிக்கொண்டு வரும், இடைவெளி இல்லாவிட்டால் சில்லையே பிடித்து நிறுத்திவிடும். ரிம்மைப் பிடிக்கும் பிரேக் உள்ள சைக்கிளில் இன்னொரு சங்கடம்: தடித்த டயர் பிரேக் கைகளுக்கு நடுவே நுழையாது. சில்லைப் போட ஒவ்வொரு முறையும் பிரேக் கேபிளைக் கழற்ற வேண்டும், இல்லாவிட்டால் காற்றை விட வேண்டும். பிள்ளைகள் கழற்றிய கேபிளைத் திரும்ப மாட்ட மறந்துவிட்டு ஓடுவதை நாங்கள் பாடசாலை வாசலிலேயே பார்த்திருக்கிறோம். அப்போது நெஞ்சு அடித்துக்கொள்ளும்.

இனி காற்று. நமது பிள்ளைகள் இரண்டு வகை. ஒரு வகை கல்லு மாதிரி அடிப்பார்கள், மற்ற வகை ரிம் தரையில் இடிபடும் வரை ஓடுவார்கள். இரண்டு பேரும் காற்றுமானியைக் கண்டதில்லை. நமது சைக்கிள்கள் பலவற்றில் பழைய வகை வால்வு, டன்லப் பெயரில் வழங்குவது. அதில் சாதாரண மானியை வைத்து அமுக்கம் பார்க்க முடியாது. அடுத்த முறை டியூப் மாற்றும்போது மோட்டார் சைக்கிளில் இருப்பது போன்ற வால்வு உள்ள டியூபைக் கேளுங்கள், பெரும்பாலான மவுண்டன் சைக்கிள் ரிம்மின் துளையில் அது பொருந்தும். ஒரு சிறிய மானி ஒரு டயரின் விலையில் ஒரு பங்கு கூட வராது. ஆனால் பெற்றோல் செட்டின் காற்றுக் குழாயைச் சைக்கிளில் வைத்துவிட்டுக் கதைத்துக்கொண்டு நிற்காதீர்கள். சைக்கிள் டியூபில் காற்றுக் கொள்ளளவு கொஞ்சம், சில வினாடிகளில் வெடித்துவிடும்.

45 கிலோ அளவு நிறையுள்ள பிள்ளைக்கு 1.95 அல்லது 2.1 டயரில் 30 இலிருந்து 35 பீஎஸ்ஐ வைத்துத் தொடங்கலாம். 70 கிலோ பெரியவருக்கு 40 அளவு. பின் சில்லுக்கு முன் சில்லை விட 3, 4 கூட்டுங்கள், பாரம் அங்கேதான். பிறகு தினமும் போகும் பாதையில் ஓட்டிப் பார்த்து 2 பீஎஸ்ஐ கூட்டிக் குறைத்துப் பிடித்துக்கொள்ளலாம். ரிம் கல்லில் "டக்" என்று இடிபட்டால் காற்றுப் போதாது. டியூபில் பாம்பு கடித்த மாதிரி இரண்டு துளை பக்கம் பக்கமாக விழுந்தால் அதே காரணம்தான், ஆணி குத்தியதில்லை. டயரின் பக்கத்தில் ஆகக் கூடிய அமுக்கமும், சிலவற்றில் ஆகக் குறைந்ததும் அச்சிட்டிருக்கும். அந்த இரண்டையும் தாண்ட வேண்டாம்.

நமது பாதைகளை யோசித்துப் பாருங்கள். குளத்தைச் சுற்றி ஓடுகிறவருக்கு நல்ல தார் ரோடு. அதே பிள்ளை வீட்டுக்குத் திரும்பும்போது கொங்கிரீட் ஒழுங்கை, அதன் குறுக்கே வடிகால் மூடி, அதற்கு மேல் தோட்டத்துக் கல் பாதை. கட்டுகஸ்தோட்டை ரோட்டின் ஓரமோ பஸ் வந்தால் வடிகாலுக்குள் தள்ளுகிற ஓரம். இந்தக் கலவைக்கு 2.35 முள்ளு டயர் தேவையே இல்லை. நடுவில் மழுங்கிய கட்டை, ஓரத்தில் கொஞ்சம் முள் உள்ள 1.95 டயர், அளவான காற்று. அவ்வளவுதான். படத்தில் அழகாக இருக்காது என்பது உண்மை. ஏற்றத்தில் அந்தப் பிள்ளை மற்றவர்களுக்கு முன்னால் போய் நிற்பார் என்பதும் உண்மை. ஹந்தானையிலோ நக்கிள்ஸ் பக்கமோ உண்மையிலேயே மண் பாதையில் ஓடுகிற இளைஞர்களுக்குத் தடித்த டயர் வேண்டும்தான். அவர்கள் அதற்கேற்ற அகல ரிம்மோடு சில்லையே மாற்றட்டும், சைக்கிளில் இடம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு.

மலிவு சைக்கிள்களில் முன்னால் ஸ்பிரிங் வைத்த ஃபோர்க்கைக் காட்டி "சொகுசு" என்று விற்கிறார்களே, அதைப் பற்றியும் ஒரு வார்த்தை. பாரம் கூடுதல், ஆறு மாதத்தில் துருப்பிடித்து இறுகிவிடும். பொருத்தமான ரிம்மில் சரியான காற்றோடு இருக்கும் டயர் அதை விட அதிகம் குலுக்கலை விழுங்கும். இது எமது அனுபவம், மாற்றுக் கருத்து உள்ளவர்கள் கீழே எழுதுங்கள்.

ஒரு பெரியவர் பள்ளிவாசல் படியில் வைத்துக் கேட்டார்: "மவ்த்தாப்போன எங்கட வாப்பாமாரெல்லாம் எந்த நம்பரப் பார்த்தாங்க? சைக்கிள்ல அரிசி மூட்டையே கட்டிட்டு வந்தாங்களே!" நியாயமான கேள்வி. அந்தக் காலத்தில் தெருவில் ஓடிய கறுப்புச் சைக்கிள்களில் பெரும்பாலானவற்றுக்கு ஒரே அளவு, 28 × 1 1/2, உட்காரும் விட்டம் 635. எந்தக் கடையில் டயர் கேட்டாலும் அதுதான் வரும், எந்த ரிம்மிலும் அது உட்காரும். தெரிவு செய்ய ஒன்றும் இல்லாத இடத்தில் பிழை விடவும் வழியில்லை. இன்று ஒரே கடையின் கூரையில் 559, 584, 590, 622 எல்லாம் பக்கத்தில் பக்கத்தில் தொங்குகின்றன. வாப்பாமார் பார்க்காததற்குக் காரணம் அவர்களுக்குத் தேவைப்படவில்லை. நமக்குத் தேவைப்படுகிறது.

கடைக்காரர்கள் நமது உறவுகள், நமது அயலவர்கள். யாரையும் குறை சொல்ல இதை எழுதவில்லை. அதிகமான பாஸ்மார் கையால் தடவிப் பார்த்தே சொல்லக்கூடிய திறமைசாலிகள். ஆனால் பிள்ளை காசை நீட்டி "அந்தப் பெரிசத் தாங்க" என்றால் கொடுத்துவிடுகிறார்கள். நாம் கேட்பது ஒன்று மட்டும்: டயரைக் கொடுக்க முன்னர் ரிம்மை ஒரு முறை அளந்துவிட்டு, "இது உன்ட ரிம்முக்கு அகலம் கூட, மகன்" என்று சொல்லிவிடுங்கள். ஒரு விற்பனை போகலாம். அந்த வாப்பா அடுத்த பத்து வருடத்துக்கு உங்கள் கடையை விட்டு வேறு கடைக்குப் போக மாட்டார்.

வசதி குறைந்த பிள்ளைகளுக்குச் சைக்கிள் கொடுக்கும் சங்கங்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். அல்லாஹ் உங்கள் நற்பணியை ஏற்றுக்கொள்ளட்டும். கொடுத்த சைக்கிள்களில் சில இன்று மதிலோரம் சாய்ந்து கிடக்கின்றன. உடைந்து அல்ல. டயர் தேய்ந்ததும் உம்மா கடைக்குப் போய் "26 டயர்" என்று வாங்கி வந்தார், அது 559, சைக்கிளோ 590. கடையில் திருப்பி எடுக்கவில்லை. இன்னொரு டயர் வாங்கக் காசில்லை. சைக்கிள் கொடுக்கும்போதே டயரின் இலக்கத்தையும் ரிம்மின் உள் அகலத்தையும் ஒரு துண்டில் எழுதி, பிளாஸ்டிக் உறையில் போட்டு, சீட்டுக்குக் கீழே கட்டிவிடுங்கள். ஐந்து நிமிட வேலை.

கை முறிந்த அந்தப் பிள்ளையின் சைக்கிளுக்கு 1.95 டயர் இரண்டு போட்டாயிற்று. காசு யார் கொடுத்தார்கள் என்பது இங்கே வேண்டாம். பிளாஸ்டர் கழற்றும் வரை வாப்பா சைக்கிளைப் பூட்டி வைத்திருக்கிறார். மகன் தினமும் போய் டயரை அமுக்கிப் பார்க்கிறாராம்.

இன்ஷா அல்லாஹ், வருகிற சனிக்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு பாடசாலை மைதானத்தில் நாங்கள் இரண்டு ஆசிரியர்களும் இருப்போம். வேணியர் இடுக்கி, காற்றுமானி, பம்ப் மூன்றும் இருக்கும். எந்தப் பிள்ளையும் சைக்கிளோடு வரலாம், எமது பாடசாலைப் பிள்ளையாக இருக்க வேண்டும் என்றில்லை, சிங்கள, தமிழ் அயலவர்களின் பிள்ளைகளையும் கூட்டி வாருங்கள். ரிம்மை அளந்து, டயர் இலக்கம் பார்த்து, துண்டில் எழுதித் தருவோம். பஞ்சர் ஒட்ட மாட்டோம், அதற்கு பாஸ் இருக்கிறார். வரும் வழியில் காற்றடித்துக்கொண்டு வர வேண்டாம், இப்போது எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க வேண்டும். மழை என்றால் அடுத்த சனிக்கிழமை.